ஃப்ரீஹோல்டு வீட்டுக்கும் ஆண்டுக் கட்டணமா? கையெழுத்துக்கு முன் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

வணக்கம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரின் ஓரத்தில், கட்டி ஏழு ஆண்டுகளான மூன்று படுக்கையறை வீடு ஒன்றுக்கு விலை பேசி முடித்திருக்கிறீர்கள். விளம்பரத்தில் ‘ஃப்ரீஹோல்டு’ (நிலமும் வீடும் முழு உரிமை) என்று மட்டுமே இருந்தது. வீட்டைக் காட்டிய முகவரும் வேறெந்தச் செலவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. வீட்டின் நிலையைப் பார்க்கும் சர்வே முடிந்து, மார்ட்கேஜ் என்னும் வீட்டுக்கடனுக்கு ஒப்புதலும் வந்த பிறகு, ஆறாவது வாரத்தில் உங்கள் சொலிசிட்டர் (பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) மின்னஞ்சல் அனுப்புகிறார்: குடியிருப்பின் மேலாண்மை நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 412 பவுண்டு எஸ்டேட் சார்ஜ் (பொது இடங்களின் பராமரிப்புக் கட்டணம்) கட்ட வேண்டும், புதிய உடன்படிக்கைப் பத்திரத்துக்கு 180 பவுண்டு தர வேண்டும், அந்த நிறுவனம் தரும் தகவல் தொகுப்புக்கான 360 பவுண்டை யார் கட்டுவது என்று விற்பவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார். தனி வீடு வாங்கினால் மெயின்டனன்ஸ் என்ற பேச்சே இருக்காது என்று நம்பித்தான் அடுக்குமாடி வீடுகளைத் தவிர்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது சட்டப்படி சரியா, இந்தத் தொகை ஏறுமா, முகவர்மீது புகார் செய்யலாமா, விலகிவிடலாமா என்பவை உங்கள் நான்கு கேள்விகள்.

கட்டணம் சட்டப்படி செல்லும். அது ஏறும். முகவர்மீது புகார் செய்ய உங்களுக்கு இடமிருக்கிறது. விலகுவதா வேண்டாமா என்பதை மட்டும் அந்த 412 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பத்திரத்தின் வாசகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மேற்கு லண்டனில் வீட்டுப் பத்திரப் பரிமாற்ற அலுவலகங்களில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆண்டுக்கு 600 பவுண்டு கட்டணம் உள்ள வீட்டைத் தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்; ஆண்டுக்கு 90 பவுண்டு மட்டுமே உள்ள வீட்டைத் திருத்தப் பத்திரம் இல்லாமல் வாங்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இன்னும் எக்ஸ்சேஞ்ச், அதாவது விற்பவருடன் ஒப்பந்தப் பரிமாற்றம், செய்யவில்லை என்பது பெரிய ஆறுதல். அதுவரை இருதரப்புக்கும் கட்டுப்பாடு கிடையாது. இப்போது விலகினால் சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் ஆன செலவு போகுமே தவிர, வைப்புத்தொகை போகாது. நான் சொல்லப்போவது எல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தின் நிலச்சட்டமே வேறு.

ஃப்ரீஹோல்டு என்றால் நிலமும் அதன்மேல் நிற்கும் வீடும் காலவரையின்றி உங்களுடையவை, உங்களுக்கு மேல் நில உரிமையாளர் என்று ஒருவர் இல்லை என்பதுதான் பொருள். வீட்டுக்கு வெளியே இருக்கும் சாலை, விளக்கு, புல்வெளி, மழைநீர்க் குளம், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றை யார் பராமரிப்பது என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய குடியிருப்புகளில் இவை பெரும்பாலும் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) பொறுப்புக்குப் போய்விட்டதால், அந்தக் கேள்வியே எழவில்லை. 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 38-ஆம் பிரிவின்படி கட்டுமான நிறுவனம் சாலையை உரிய தரத்தில் போட்டுக் கொடுத்தால், கவுன்சில் அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும்; கழிவுநீர்க் குழாய்களுக்கு 1991-ஆம் ஆண்டின் நீர்த்தொழில் சட்டம், 104-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் இந்த இரண்டுமே ஒப்பந்தங்கள்தாம், கட்டாயங்கள் அல்ல. ஏற்றுக்கொள்ளும்போது வருங்காலப் பராமரிப்புக்கென்று கவுன்சில் ஒரு மொத்தத் தொகை கேட்கும். நிறுவனம் அதைக் கொடுக்க விரும்பாது. நிதி நெருக்கடியில் இருக்கும் கவுன்சிலும் புதிய சுமையை விரும்பாது. இருவருக்கும் வசதியான வழி, அந்த இடங்களைத் தனியார் மேலாண்மை நிறுவனத்திடம் ஒப்படைத்து, செலவை வீட்டுக்காரர்களிடம் வசூலிப்பது. அந்தப் பேச்சு நடந்தபோது வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கவேயில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம் தரும் செய்தி.

இது எங்கோ ஓரிரு இடங்களில் நடப்பதும் அல்ல. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வீட்டுக்கட்டுமான ஆய்வின்படி, 2021 – 22 காலத்தில் பதினொரு பெரிய நிறுவனங்கள் விற்ற புதிய வீடுகளில் 80 விழுக்காட்டுக்கு எஸ்டேட் கட்டணம் இருந்தது. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. ஆகவே உங்கள் 412 பவுண்டு ஊரில் இல்லாத தொகை அல்ல. கவுன்சில் வரியை முழுதாகக் கட்டிவிட்டு அதே வகை வேலைகளுக்கு இரண்டாம் முறையும் பணம் கட்டுகிறோமே என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதற்காகக் கவுன்சில் வரியில் கழிவு கேட்க வழியில்லை.

இனி, இந்தக் கட்டணம் உங்களை எந்தக் கயிற்றால் கட்டுகிறது என்பதைப் பாருங்கள். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ‘இன்ன வேலையைச் செய்வேன், இவ்வளவு பணம் கொடுப்பேன்’ என்று ஒரு ஃப்ரீஹோல்டு உரிமையாளர் எழுதிக்கொடுக்கும் உறுதி, அவரிடமிருந்து வீட்டை வாங்குபவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய விதி. 1885-இல் ஆஸ்டர்பெரி வழக்கில் உறுதியான இந்த விதியை, 1994-இல் ரோன் எதிர் ஸ்டீபன்ஸ் வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் மாற்ற மறுத்துவிட்டது. அப்படியானால் முதல் உரிமையாளர் வீட்டை விற்றதும் கட்டணம் அறுந்துபோக வேண்டும் அல்லவா? அது அறுந்துபோகாமல் இருக்க வழக்கறிஞர்கள் வகுத்த முடிச்சுகளில் இரண்டை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு முறை வீடு கைமாறும்போதும் புதியவர் மேலாண்மை நிறுவனத்துடன் நேரடியாக உடன்படிக்கை எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு. உங்களிடம் கேட்கும் 180 பவுண்டு இதற்குத்தான். எழுதிக்கொடுக்காமல் தப்பிவிடலாம் என்று நினைக்க வழியில்லை. நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பகுதியைத் திறந்து பார்த்தால், உரிமையைக் கைமாற்றிய, இன்ன தேதியிட்ட மாற்றுப் பத்திரத்தின் இன்ன விதி நிறைவேற்றப்பட்டது என்று மேலாண்மை நிறுவனமோ அதன் வழக்கறிஞரோ சான்றிதழ் தராமல் எந்தக் கைமாற்றத்தையும் பதியக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். அந்தச் சான்றிதழுக்கும் கட்டணம் உண்டு. நாளை நீங்கள் விற்கும்போது பாக்கி ஒரு பவுண்டு இருந்தாலும் சான்றிதழ் வராது. அது வராமல் உங்களிடம் வாங்குபவர் பெயரில் வீடு பதியப்படாது. தொல்லை உண்டுதான், ஆனாலும் நான் இதற்கு அஞ்சுவதில்லை. பணம் கட்டினால் தீர்ந்துபோகும் தொல்லை இது.

இரண்டாவது முடிச்சு எஸ்டேட் ரென்ட்சார்ஜ். இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். ரென்ட்சார்ஜ் என்பது நிலத்தின்மேலேயே ஏற்றிவைக்கும் கட்டணம். நிலம் யாரிடம் போனாலும் கூடவே போகும். மான்செஸ்டர், பிரிஸ்டல் பக்கங்களில் பழைய வீடுகளுக்கு ஆண்டுக்குச் சில பவுண்டு என்று இன்னும் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டின் ரென்ட்சார்ஜ் சட்டம் புதியவற்றைத் தடை செய்தது. பழையவை 2037-இல் ஒழிந்துபோகும். ஆனால் குடியிருப்புப் பராமரிப்புக்கான எஸ்டேட் ரென்ட்சார்ஜுக்கு அந்தச் சட்டம் விலக்களித்தது. அந்த விலக்கின் வழியாகத்தான் புதிய குடியிருப்புகளில் இது நுழைந்தது.

இதில் ஆபத்து தொகையில் இல்லை, வசூலிக்கும் முறையில் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம், 121-ஆம் பிரிவின்படி, ரென்ட்சார்ஜ் 40 நாள் பாக்கி விழுந்தால், கட்டணத்துக்கு உரியவர் வீட்டைத் தன் கைவசம் எடுத்து அதன் வருமானத்தைப் பெறலாம். அல்லது வீட்டை ஓர் அறங்காவலர் பெயருக்குக் குத்தகையாக எழுதிவிடலாம். பணத்தை முறைப்படி கேட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இப்படியும் செய்வார்களா என்று கேட்பீர்கள், செய்திருக்கிறார்கள். 2016-இல் மேல் தீர்ப்பாயத்தில் முடிந்த ராபர்ட்ஸ் எதிர் லாட்டன் வழக்கில், 6 பவுண்டுக்கும் 15 பவுண்டுக்கும் இடைப்பட்ட பாக்கிகளுக்காகப் பல வீடுகளின்மேல் 99 ஆண்டுக் குத்தகைகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பதிவு செய்யலாம் என்றும், பாக்கியைக் கட்டிய பிறகும் குத்தகை தானாக ஒழியாது என்றும் தீர்ப்பாயம் சொன்னது. சட்டம் அப்படி இருக்கும்போது அது வேறென்ன சொல்ல முடியும்! அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து, ரென்ட்சார்ஜ் என்ற சொல் எங்கெங்கே இருக்கிறது என்று இரவு எட்டு மணி வரை தேடியது நினைவிருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்டு மற்றும் ஃப்ரீஹோல்டு சீர்திருத்தச் சட்டம் இந்தக் கொடுமையைத் தடுக்க விதி செய்திருக்கிறது. ஆனால் அந்த விதி பழைய வகை ரென்ட்சார்ஜுகளைக் கருதி எழுதப்பட்டது. எஸ்டேட் ரென்ட்சார்ஜ் உள்ள வீட்டை வாங்குபவர் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்த ஆபத்தினால்தான் மார்ட்கேஜ் கொடுக்கும் வங்கிகளில் பலவும், 121-ஆம் பிரிவைப் பயன்படுத்த மாட்டோம் என்றோ, பயன்படுத்தும் முன் வங்கிக்கு எழுத்தில் அறிவித்துப் பாக்கியைத் தீர்க்க அவகாசம் கொடுப்போம் என்றோ பத்திரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. பத்திரத்தில் அந்த வாசகம் இல்லையென்றால், மேலாண்மை நிறுவனத்திடமிருந்து திருத்தப் பத்திரம் ஒன்று வாங்க வேண்டும். இதை விற்பவர்தான் தன் செலவில் வாங்கித் தர வேண்டும் என்று நான் எப்போதும் கேட்பேன். குறை அவர் விற்கும் பொருளில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அக்கா, சொலிசிட்டர் எடுத்துச் சொல்லாததால் இந்த வாசகம் இல்லாமலே வீட்டை வாங்கியிருந்தார். விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வங்கி மறுத்துவிட்டது. திருத்தப் பத்திரத்துக்கு மேலாண்மை நிறுவனம் ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஆண்டுக் கட்டணமான 140 பவுண்டை அந்த அக்கா ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

உங்கள் பத்திரத்தில் எந்த முடிச்சு இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். நிலப் பதிவேட்டின் நகலை 7 பவுண்டு கட்டி யாரும் எடுக்கலாம். உங்கள் சொலிசிட்டரிடம் ஏற்கெனவே இருக்கும். அதோடு, கட்டுமான நிறுவனம் முதல் உரிமையாளருக்கு விற்றபோது எழுதிய டி.பி. 1 என்னும் மாற்றுப் பத்திரத்தையும் கேளுங்கள். முப்பது நாற்பது பக்கம் இருக்கும். பெரும்பாலோர் முதல் இரண்டு பக்கத்தில் தங்கள் வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது பின்னால், அட்டவணைகளில் இருக்கிறது. உங்கள் பங்கு எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். ‘140-இல் ஒரு பங்கு’ என்று இருந்தால் நல்லது. ‘நிறுவனம் அவ்வப்போது நியாயமாகத் தீர்மானிக்கும் பங்கு’ என்று இருந்தால், கணக்குப் போடும் பேனா அவர்கள் கையில் இருக்கிறது. பராமரிக்கும் இடங்களை வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிக் காட்டியிருக்கிறார்களா, அல்லது ‘இனி சேர்க்கப்படும் நிலங்களும் உட்பட’ என்று முடித்திருக்கிறார்களா? பக்கத்தில் அடுத்த கட்டம் இன்னும் கட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கடைசி நான்கு சொற்கள் உங்கள் கட்டணத்தை இரட்டிப்பாக்கக் கூடியவை. உச்சவரம்பு உண்டா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

மேலாண்மை நிறுவனம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. சில குடியிருப்புகளில் வீட்டுக்காரர்களே பங்குதாரர்கள். கடைசி வீடு விற்றதும் கட்டுமான நிறுவனம் விலகி, பொறுப்பு குடியிருப்பவர்கள் கைக்கு வரும். அப்படியானால், பராமரிப்பு வேலையை நடத்தும் மேலாண்மை முகவர் சரியில்லை என்றால் கூட்டம் கூட்டி மாற்றலாம். வேறு சில இடங்களில் பத்திரத்திலேயே ஒரு தனியார் நிறுவனத்தின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அதை அகற்ற வீட்டுக்காரர்களுக்கு எந்த வழியும் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, என் அனுபவத்தில், ஆண்டுக்கு இருநூறு முந்நூறு பவுண்டு வேறுபாட்டைவிடப் பெரியது. கம்பெனிகள் பதிவகத்தின் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினால், இயக்குநர்கள் யார், கணக்குகளை நேரத்துக்குத் தாக்கல் செய்கிறார்களா என்பவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

நீங்கள் இணைத்திருந்த இந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தேன். 140 வீடுகள், மொத்தம் 57,680 பவுண்டு. புல்வெளிக்கும் செடிகளுக்கும் 21,000, விளையாட்டு இடத்தின் சோதனைக்கும் பழுதுக்கும் 4,600, குளத்துக்கும் வடிகாலுக்கும் 6,300, விளக்குகளுக்கு 2,900, காப்பீட்டுக்கு 3,100, கணக்காளருக்கு 1,900, மேலாண்மை முகவருக்கு 11,480, சேமநிதிக்கு 6,400. முகவரின் பங்கு வீட்டுக்கு 82 பவுண்டு, மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கால்பங்கைத் தாண்டிய திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். என் கண் நின்ற இடம் கடைசி வரி. சேமநிதி வீட்டுக்கு 46 பவுண்டுகூட வரவில்லை. இந்தக் குடியிருப்பின் உள்சாலைகள் கவுன்சிலிடம் போகப்போவதில்லை என்றால், என்றாவது ஒரு நாள் மேற்பரப்பை முழுதாக மீண்டும் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, அதற்கு 1,50,000 பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6,400 வீதம் அந்தத் தொகை சேர இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே சாலை பழுதானால், குறைவதை அந்த ஆண்டில் வீட்டுக்காரர்களாக இருப்பவர்கள்தாம் கட்ட வேண்டும். கட்டணம் குறைவாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஆகவே, இதுவரை சேர்ந்த சேமநிதி எவ்வளவு, அது தனிக் கணக்கில் இருக்கிறதா, கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கையான கணக்குகள் எங்கே என்று கேளுங்கள். திட்டம் வேறு, கணக்கு வேறு. உங்களுக்கு வந்திருப்பது திட்டம் மட்டுமே. இந்தக் கேள்விகளுக்கென்று எஃப்.எம்.இ. 1 என்ற நிலையான படிவமே இருக்கிறது. 360 பவுண்டுத் தொகுப்பு என்பது அதற்கான பதில்களும் இணைப்புகளும்தான். அதை விற்பவர் வாங்கித் தருவதே வழக்கம்.

சாலைகள் கவுன்சிலிடம் போய்விட்டனவா என்பதை இரண்டு வழிகளில் அறியலாம். சொலிசிட்டர் செய்யும் கான் 29 தேடலின் முடிவில், எந்தெந்தச் சாலைகள் பொதுச் செலவில் பராமரிக்கப்படுகின்றன என்று கவுன்சில் எழுதியிருக்கும். இன்னொரு வழி, நீங்களே ஒரு சனிக்கிழமை காலை போய் நடப்பது. தாரில் பதித்த இரும்பு மூடிகளைக் கவனியுங்கள். சாலை மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை துருத்திக்கொண்டு, வண்டி ஏறும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால், கடைசி அடுக்குத் தார் இன்னும் போடவில்லை என்று பொருள். கவுன்சில் அந்தச் சாலையை ஏற்றிருக்க வாய்ப்பே இல்லை. வாசலில் நிற்பவர் யாரிடமாவது, ‘போன வருடம் எவ்வளவு கட்டினீர்கள், குப்பை கொட்டிக் கிடந்தால் யாருக்கு ஃபோன் செய்வீர்கள், எடுப்பார்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். வேண்டிய அளவுக்கு மேலேயே சொல்வார்கள்.

குளம் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புதிய குடியிருப்புகளில் மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் குளங்களும் ஓடைகளும் அழகுக்கு வைத்தவை அல்ல, வெள்ளத் தடுப்பின் பகுதி. இவற்றுக்கு ஒப்புதல் தந்து ஏற்றுக்கொள்ளும் அமைப்பை 2010-ஆம் ஆண்டின் வெள்ளம் மற்றும் நீர் மேலாண்மைச் சட்டம் வகுத்தது. வேல்ஸில் அது 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, இங்கிலாந்தில் வரவில்லை. ஆகவே மில்டன் கீன்ஸில் உங்கள் வீட்டுப் பின்புறக் குளம் தூர்ந்துபோனால், அதைத் தோண்டும் செலவு உங்கள் 140 குடும்பங்களுடையதாகவே இருக்கும்.

கட்டணம் நியாயமில்லை என்று தோன்றினால் எங்கே போவது? அடுக்குமாடி லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) வீட்டில் இருப்பவருக்கு 1985-ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர் – குத்தகையாளர் சட்டம் துணையிருக்கிறது: கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், பெரிய வேலைக்கு ஒருவருக்கு 250 பவுண்டுக்கு மேல் வந்தால் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், தகராறு என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஃப்ரீஹோல்டு வீட்டுக்காரருக்கு இவை எதுவும் இல்லை என்பது கேட்பவர்களை எப்போதும் திகைக்க வைக்கிறது. 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற, மேலே சொன்ன சீர்திருத்தச் சட்டம், கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்ற விதியையும், கணக்குக் கேட்கும் உரிமையையும், தீர்ப்பாயத்தின் கதவையும் ஃப்ரீஹோல்டு வீட்டுக்காரர்களுக்கும் திறந்துவிட எழுதப்பட்டது. ஆனால் நான் இதை எழுதும் வேளையில் அந்தப் பகுதி நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. துணை விதிகள் வர வேண்டும். ‘சட்டம்தான் வந்துவிட்டதே’ என்று முகவர் உங்களைத் தேற்றினால், அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். இன்று பணத்தைக் கட்ட மறுத்து நிற்பதும் அறிவுரைக்கு உரியதல்ல. முதலில் கட்டுங்கள், ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுத்தில் தெரிவியுங்கள், அதன்பின் சண்டையிடுங்கள். ரென்ட்சார்ஜ் உள்ள வீட்டில் இந்த வரிசை மாறவே கூடாது.

முகவர் விஷயத்துக்கு வருகிறேன். வாங்குபவரின் முடிவைப் பாதிக்கக்கூடிய முக்கியச் செய்தியை மறைப்பது 2008 முதலே நுகர்வோர் விதிகளுக்கு எதிரானது. 2025 ஏப்ரல் 6 முதல் அந்த இடத்தில் 2024-ஆம் ஆண்டின் டிஜிட்டல் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணம் அப்படிப்பட்ட செய்திதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பின் பழைய பக்கம் கிடைக்காது. முதலில் முகவரிடமே எழுத்தில் புகார் கொடுத்து, எட்டு வாரத்தில் தீராவிட்டால் அவர் உறுப்பினராக உள்ள குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம்; அப்படி ஓர் அமைப்பில் சேராமல் இங்கிலாந்தில் வீட்டு முகவராகத் தொழில் செய்யவே முடியாது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: அங்கே கிடைக்கும் இழப்பீடு பெரும்பாலும் சிறியது, அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இந்தத் தவறை இப்போதே பேரம் பேசப் பயன்படுத்துவது கூடுதல் பலன் தரும். 412 பவுண்டு இல்லாத வீடு என்று நினைத்துத்தான் இந்த விலைக்கு ஒப்புக்கொண்டோம் என்று சொல்லி, விலையைக் குறைக்கக் கேளுங்கள். குறைக்க மறுத்தால், 360 பவுண்டையும் 180 பவுண்டையும் விற்பவரே ஏற்கட்டும். நடப்பாண்டின் இறுதிக் கணக்கு வரும்வரை, விற்பவரின் பணத்திலிருந்து ஒரு தொகையை அவருடைய சொலிசிட்டரிடம் நிறுத்திவைக்கச் சொல்வதும் வழக்கத்தில் உள்ளதே. ஆண்டு முடிவில் செலவு கூடினால் அவர் இருந்த மாதங்களுக்கான பங்கு அதிலிருந்து போகும். விற்பவர்களில் பெரும்பாலோர் இதற்கு இசைந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அடுத்து வருபவரும் இதே கேள்விகளைக் கேட்பார் என்று அவர்களுடைய சொலிசிட்டர் எடுத்துச் சொல்லிவிடுவார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். பத்திரத்தில் ரென்ட்சார்ஜ் இல்லை, பங்கு 140-இல் ஒன்று என்று தெளிவாக இருக்கிறது, மேலாண்மை நிறுவனம் குடியிருப்பவர்களுடையது, கணக்குகள் ஒழுங்காக இருக்கின்றன என்றால், மாதத்துக்கு 35 பவுண்டை வீட்டுச் செலவில் சேர்த்துக்கொண்டு வாங்கிவிடுவேன். வங்கியிடமும் அந்த 35 பவுண்டைச் சொல்லிவிடுங்கள். கடன் விண்ணப்பத்தில் கட்டணம் இல்லை என்று எழுதியிருப்பீர்கள். ரென்ட்சார்ஜ் இருந்து, 121-ஆம் பிரிவைக் கட்டுப்படுத்தும் வாசகமும் இல்லாமல், திருத்தப் பத்திரம் தர நிறுவனமும் மறுத்தால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுவேன். இரண்டுக்கும் நடுவில், ரென்ட்சார்ஜ் இல்லை, ஆனால் பங்கும் எல்லையும் தெளிவில்லை, பக்கத்தில் அடுத்த கட்டம் எழும்புகிறது என்றிருந்தால், அவசரப்படாமல் மூன்றாண்டுக் கணக்குகளையும் பார்த்துவிட்டு, விலையைக் கணிசமாகக் குறைத்தால் மட்டும் யோசிப்பேன்.

திங்கட்கிழமை உங்கள் சொலிசிட்டருக்கு எழுதுங்கள்: இது வெறும் உடன்படிக்கையா, எஸ்டேட் ரென்ட்சார்ஜா, ரென்ட்சார்ஜ் என்றால் 121-ஆம் பிரிவு பற்றி எந்த விதி என்ன சொல்கிறது, எங்கள் வங்கி அதை ஏற்றுக்கொண்டதா, சாலைகளுக்கு 38-ஆம் பிரிவு ஒப்பந்தம் உண்டா, சேமநிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது. ஐந்துக்கும் எழுத்தில் பதில் வரும்வரை எக்ஸ்சேஞ்ச் தேதிக்குச் சம்மதிக்க மாட்டோம் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். டி.பி. 1 கைக்கு வந்ததும் அந்தக் கட்டண அட்டவணையின் பக்கங்களை, பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு அனுப்பினால், வரிவரியாகப் படித்து என் கருத்தை எழுதுகிறேன்.